ஊராக்குடுக்கு

அகத்தியர் மலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிவந்து பூவாரில் சமுத்திரத்தை அடையும் நெய்யாறு, மழை குறைந்த மாதங்களில் அந்தச் சமுத்திரத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அலைகள் கொண்டுவந்து குவிக்கும் மணல் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே திட்டாக எழும்பி வழியை மூடிவிட, 'பொழி அடைஞ்சு போச்சு' என்பார்கள். பிறகு நீர் பெருகித் தாழ்ந்த நிலங்களில் ஏறும்போது மணலை வெட்டி ஆற்றுக்கு வழிவிடுவதற்குப் பொழி முறித்தல் என்று பெயர்.

அந்தப் பொழிக்கு அருகே ஒருநாள் நான் ஏறியிருந்த சிறு படகு மணலில் ஏறி நின்றுவிட்டது. படகுக்காரர் என்னைப் பார்த்து, "தரை தட்டிப் போச்சு, சாரே" என்றார். அடுத்த கணமே அலைபேசியில் தம் கூட்டாளியிடம், "ஞான் இவிடெ பெட்டு" என்றார். பின்பு மறுபடியும் என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் புத்திமுட்டு இல்ல, எறங்கித் தள்ளினா ஊரிப் போகும்" என்று தைரியம் சொன்னார். ஒரே படகு, ஒரே மணல். அரை நிமிஷத்துக்குள் அந்த மனிதர் இரண்டு பாஷைகளிலிருந்து இத்தனை சொற்களை அள்ளி வீசியதைக் கேட்ட எனக்கு, முழங்கால் அளவு நீரில் இறங்கித் தள்ளிய சிரமத்தைக் காட்டிலும் அந்தச் சொற்களின் வித்தியாசமே மனத்தில் நின்றது.

அவற்றுள் மூத்தது 'பெட்டு' என்பதுதான். தமிழில் 'படு' என்று நாம் சொல்லும் வினையையே மலையாளத்தார் 'பெடு' என்று சொல்லுகிறார்கள். நம்முடைய 'அகப்பட்டான்' அவர்களுக்கு 'அகப்பெட்டு'. அகத்தே படுதல், அதாவது ஒன்றன் உள்ளே விழுந்துவிடுதல் என்பது பொருள். ஆனால் விழுந்தது யார் என்பதைப் பொறுத்து இந்த வினை துக்கமாகவும் மாறும், சந்தோஷமாகவும் மாறும். பூவார் முதல் குளச்சல் வரை உள்ள கடற்கரைக் கிராமங்களில் காலையில் ஒருவரை ஒருவர் விசாரிக்கும்போது, 'இன்னைக்கு மீன்பாடு எப்படி?' என்று கேட்பது வழக்கம். மீன் வலையில் பட்டால் அது பாடு. மீனுக்கு ஆபத்தாக இருப்பதே மனிதனுக்கு ஜீவனமாக இருக்கிற விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடுகிற சொல் வேறு பாஷைகளில் உண்டோ என்று நான் வியந்ததுண்டு.

உள்நாட்டுத் தமிழர்களும் இதே சொல்லை இருபுறமும் கூருள்ள கத்தியாகவே வைத்திருக்கிறார்கள். 'திருடன் அகப்பட்டான்' என்கிறோம். 'தொலைந்த பேனா அகப்பட்டது' என்றும் சொல்லுகிறோம். பிடிபடுவதும் கிடைப்பதும் நமக்கு ஒரே வினை. பேச்சில் அது 'ஆம்புட்டுது' என்று தேய்ந்து, கடையில் சாமான் கிடைப்பது வரைக்கும் வந்து நிற்கிறது. கேரள எல்லைக்குள் பாறசாலைக்கு மேற்கே போனாலோ, கிடைப்பதற்குக் 'கிட்டி' என்ற தனிச் சொல் இருப்பதனால், அகப்படுதல் ஆபத்தை மாத்திரமே குறிக்கிறது. மதுரைக்காரர் ஒருவர் நெய்யாற்றங்கரையில் நின்று, 'என் தம்பி கடைவீதியில் அகப்பட்டான்' என்று சந்தோஷமாகச் சொன்னால், கேட்கிறவர் எந்த ஸ்டேஷனில் என்று விசாரிக்கக்கூடும்.

நெய்யாற்றங்கரையின் புகழே அகப்படாமல் தப்பிய ஒருவரால் ஏற்பட்டது. அங்குள்ள கிருஷ்ணஸ்வாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்று ஒரு பலாமரத்தின் அடிப்பகுதி பாதுகாக்கப்படுகிறது. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களுக்குப் பகைவராகி உயிருக்கு ஓடிய அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மர், துரத்தியவர்கள் நெருங்கிவிட்ட சமயத்தில், இந்த மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து பிழைத்தார் என்பதும், பிற்காலத்தில் திருவிதாங்கூர் மன்னரானபின் அந்த நன்றியினாலே கோயிலைக் கட்டினார் என்பதும் ஐதிகம். பகைவர் கையில் அகப்படாதிருக்க அவர் மரத்தின் அகத்தே பட வேண்டியிருந்தது. அந்த மரம் இப்போது பட்டுப்போய்விட்டது. உலர்ந்து நிற்கும் மரத்தைப் பட்டமரம் என்கிற தமிழன் அதே 'படு' என்னும் வினையையே கையாளுகிறான்.

இனி 'மாட்டிக்கொண்டான்' என்பதைப் பார்ப்போம். சட்டையை ஆணியில் மாட்டுகிறோம். அதுபோல மனிதனும் ஏதோ ஒரு கொக்கியில் தொங்கிவிட்டால் மாட்டினான் ஆகிறான். ஆனால் இங்கே பொறுப்பைச் சுமத்துவது துணைவினைதான். 'மாட்டினான்' என்றால் வெறும் செய்தி. 'மாட்டிக்கொண்டான்' என்றால் அவனே போய்க் கழுத்தைக் கொடுத்தான் என்ற லேசான குற்றச்சாட்டு அதில் ஒட்டிக்கொள்கிறது. 'மாட்டிவிட்டான்' என்றால் பக்கத்தில் நின்ற சிநேகிதன் செய்த கைங்கரியம். ஒரு காரியாலயத்தில் நடந்த தவறு யாருடையது என்று அறிய விரும்புகிறவர் விசாரணை அறிக்கையைப் படிக்க வேண்டியதில்லை; சிற்றுண்டிச்சாலையில் ஊழியர்கள் இந்த மூன்றில் எதைச் சொல்லுகிறார்கள் என்று காதைக் கொடுத்தால் போதும்.

மலையாளத்தில் இந்த ஸ்தானத்தில் இருப்பது 'குடுங்கி'. சுருக்குக் கயிறு, கண்ணி ஆகியவை குடுக்கு. சட்டைப் பொத்தானுக்கும் குடுக்கு என்று பெயருண்டு. துவாரத்தில் நுழைந்து இறுகிக்கொள்வதே அதன் லட்சணம். எல்லைப்புறத் தமிழ்ப் பேச்சிலும் இது தாராளமாகப் புழங்குகிறது. அவிழ்க்க முடியாத முடிச்சை அவர்கள் ஊராக்குடுக்கு என்கிறார்கள். முதன்முதலில் கேட்ட நான் ஏதோ ஓர் ஊருக்கு நேர்ந்த தொல்லை என்றே எண்ணினேன். ஊருதல் என்றால் கழற்றுதல். 'சட்டையை ஊரு' என்றால் சட்டையைக் கழற்று. கழலாத குடுக்கே ஊராக்குடுக்கு. கடன், வழக்கு, மைத்துனனுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து ஆகிய சகலத்துக்கும் இது பொருந்துகிறது.

கடலில் வேறொரு சொல் இருக்கிறது. அடியிலுள்ள பாரில், அதாவது கடற்பாறையில், வலை மாட்டிக்கொண்டால் 'உடக்கிப் போச்சு' என்கிறார்கள். இழுத்தால் கிழியும், விட்டால் வலையே போகும் என்ற அந்தத் தர்மசங்கடத்திலிருந்துதான் போலும், கரையில் இரண்டு பேர் சண்டையிட்டுப் பேசாமல் இருப்பதும் உடக்கு ஆகியிருக்கிறது. முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு சகோதரர்களைப் பாறையும் வலையுமாகக் கண்ட பழைய பரதவன் ஒருவன் கவியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

படகுக்காரர் சொன்ன 'புத்திமுட்டு' இன்னும் விசேஷமானது. முட்டு என்றால் தடை. முட்டுச்சந்து, முட்டுக்கட்டை, முட்டுப்பாடு என்று தமிழில் அதற்குப் பெரிய குடும்பமே இருக்கிறது. அதன் முன்னே ஸம்ஸ்கிருதத்துப் புத்தியைச் சேர்த்து, கஷ்டம் என்கிற பொருளில் மலையாளத்தார் வழங்குகிறார்கள். வழியிலே தடை ஏற்படுவதற்கு முன்னரே புத்தி போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளுகிறது என்பது இந்தச் சொல்லின் சித்தாந்தம்.

சிக்கல் என்னும் சொல்லுக்கு நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரே உண்டு. வசிஷ்டர் வெண்ணெயால் லிங்கம் பிடித்துப் பூஜித்து, முடிவில் அதைப் பெயர்க்க முயன்றபோது அது நகராமல் சிக்கிக்கொண்டமையால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்று ஸ்தல புராணம் கூறும். சுவாமியின் திருநாமம் நவநீதேஸ்வரர். கூந்தலில் விழுந்தால் வெறுப்பூட்டுகிற சிக்கு, பக்தர்கள் வாயில் 'சிக்கென' என்று உறுதியைக் குறிப்பதை இதனோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். வெண்ணெயே சிக்கியது என்றால், நெய்யாறு மணலில் நிற்பதைக் குறைசொல்ல என்ன இருக்கிறது!

நெய்யாற்றுப் பிரதேசத்தில் மனிதர் போட்ட திட்டங்களும் இவ்விதமே நின்றன. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க வேண்டும் என்று 1860-இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், பத்மநாபரின் அனந்தனையும் இங்கிலாந்து ராணியையும் திருவிதாங்கூர் மன்னரையும் பெயரிலே தாங்கியிருந்தும், துண்டு துண்டாக வெட்டப்பட்டு, குமரியைக் காணாமலே நின்றது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் அந்நாளைய சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே தங்கியது. தங்கியது என்பதா, அகப்பட்டது என்பதா என்பது சொல்லுகிறவர் எந்தப் பக்கத்தவர் என்பதைப் பொறுத்தது. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-இல் நிறுத்தப்பட்டு, 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. உழவர்களைக் கேட்டால் ஊராக்குடுக்கு என்பதன் இலக்கணம் முழுவதும் கிடைக்கும்.

எல்லையிலுள்ள களியிக்காவிளையில் லாரிகள் நிற்கும் கதை வேறு. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்து விற்பனைவரிச் சோதனைச் சாவடிகள் போகும் வரையில், 'செக்போஸ்டில் குடுங்கி' என்பது லாரி டிரைவர்களின் நித்திய வாக்கியமாக இருந்தது. வாகன நெரிசலுக்கு இப்பொழுதும் அங்கே இரண்டு பெயர்கள்: எல்லைக்கு அந்தப் புறம் 'பிளாக்', இந்தப் புறம் 'டிராஃபிக்'. நெரிசல் மாத்திரம் எல்லையைப் பாராட்டாமல் இரு புறமும் ஒன்றாகவே நிற்கிறது. இளைஞர்களோ, கைபேசி உறைந்தாலும் மனம் உறைந்தாலும் 'ஸ்டக் ஆயிடுச்சு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அகப்பட்டதா, மாட்டிக்கொண்டதா, யாரேனும் மாட்டிவிட்டார்களா என்று அதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை; அந்தச் சௌகரியத்துக்காகவே அதைச் சொல்லுகிறார்களோ என்னவோ.

எங்கள் படகு மூன்றாவது தள்ளலில் அசைந்தது. படகுக்காரர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே ஏறி, "ஊரிப் போச்சு" என்றார். கரையை அடைந்த பிறகுதான் என் செருப்புகளில் ஒன்று மணலிலேயே குடுங்கிவிட்டது தெரிந்தது.