கூண்டும் சோலையும்

போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவனைக் கண்டால் உலகம் இருவகையாகப் பேசும். 'அவன் மனவலிமை அற்றவன்' என்பர் ஒரு சாரார். 'அப்பொருளின் ஆற்றல் அத்தகையது. தொட்டவரை விடாது' என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டினும் அடங்காத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அஃது அவன் வாழும் சூழ்நிலையாகும். இவ்வுண்மையை விளக்கத் துணைநின்றவை சிற்றுயிர்களாகிய எலிகள்.

முன்னாளில் ஆய்வுக்கூடங்களில் ஓர் எலியைத் தனியே சிறு கூண்டில் அடைத்து, போதைப்பொருளை அதற்கு எட்டுமாறு வைப்பர். எலி அதனை மீண்டும் மீண்டும் நாடும். அதுகொண்டு, அப்பொருளின் கவர்ச்சியை எவ்வுயிரும் வெல்ல இயலாது எனப் பலர் கருதினர். கனடா நாட்டுச் சைமன் பிரேசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூசு அலெக்சாண்டர் என்பார்க்கு ஓர் ஐயம் எழுந்தது. கூட்டமாய் வாழும் இயல்புடைய எலியைத் தனிச்சிறையில் இட்டால், அது நாடுவது போதையையா, துன்பத்தினின்று விடுதலையையா?

அவ்வையம் தீர, அவரும் அவருடைய துணைவர்களும் 1970களின் பிற்பகுதியில் 'எலிப் பூங்கா' ஒன்றை அமைத்தனர். அது கூண்டினும் ஏறத்தாழ 200 மடங்கு பரப்புடையது. தரையில் மரச்சீவல் பரப்பி, பதுங்கி வாழப் பெட்டிகளும் தகரக் குவளைகளும் வைத்தனர். சுவரில் காட்டின் தோற்றத்தைத் தீட்டினர். ஆணும் பெண்ணுமாய்ப் பல எலிகள் அங்கே கூடி வாழ்ந்தன. அவற்றிற்கும் கூண்டு எலிகளுக்கும் வெறும் நீரும், அபினிலிருந்து எடுக்கப்படும் மார்பின் கலந்த இனிப்பு நீரும் வைக்கப்பட்டன. கூண்டு எலிகள் மார்பின் நீரை மிகுதியாய்ப் பருகின. பூங்கா எலிகளோ அதனைக் குறைவாகவே நாடின. பல நாள் மார்பின் நீரே பருகிப் பழகிய எலிகளிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது.

பின்னர் இச்சோதனையைச் செய்து பார்த்தோர் அனைவரும் ஒரே முடிவைப் பெற்றிலர். எனினும் வேறு ஆய்வுகள் சூழ்நிலையின் ஆற்றலை வலியுறுத்தின. 2008இல் பிரான்சு நாட்டு அறிஞர்கள், கொக்கேயினுக்குப் பழகிய சுண்டெலிகளை விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த இடத்தில் 30 நாள் வாழவிட்டனர். அவற்றின் போதை நாட்டத்திற்குரிய அறிகுறிகள் மறைந்தன. 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், போதைமருந்தா, மற்றோர் எலியின் தோழமையா எனத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பைப் பெற்ற எலிகள் தோழமையையே பெரிதும் விரும்பின.

இதற்குக் காரணம் யாது? உணவு, விளையாட்டு, நட்பு ஆகியவை மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்யும் நரம்புவழியைத் தூண்டுகின்றன. போதைப்பொருளும் அவ்வழியையே அளவிறந்து தூண்டுகிறது. பிற இன்பங்கள் யாவும் அற்ற உயிர்க்குப் போதை ஒன்றே இன்பமாகத் தோன்றுகிறது.

மாந்தர்க்கும் இது பொருந்தும். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி 1971இல் தாயகம் திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களை லீ ராபின்சு என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அவருள் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே. போர்க்களம் நீங்கியது, வீடும் சுற்றமும் வாய்த்தன.

தமிழகத்தில் இவ்வழியே தொண்டு செய்தவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், குடிநோயாளரை நகருக்கு அழைப்பதோடு அமையவில்லை. இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் அமைத்து, குடும்பத்தாரும் ஊராரும் துணைநிற்க மருத்துவம் அளிக்கச் செய்தார். அவ்வனுபவத்தை 1994இல் கட்டுரையாக வெளியிட்டார். நோயாளி திரும்பிச் செல்லும் ஊரையே மருந்தாக்கிய முறை அது.

ஆவடி போன்ற தொழில்நகரங்களுக்கு இது சிறந்த பாடமாகும். பல ஊர்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து, சுற்றத்தைப் பிரிந்து, தனியறையில் வாழ்வோர் இத்தகைய நகரங்களில் பலர். வேலை முடிந்தபின் அவர்க்கு அறையும் தனிமையுமே எஞ்சுமாயின், அவ்வறையும் ஒரு கூண்டே. பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பூங்கா போன்ற பொதுவிடங்களும், விளையாட்டுத் திடலும், நூலகமும், நல்ல நண்பரும் அக்கூண்டின் கதவைத் திறப்பன.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு, சிற்றினம் சேராமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தமை எண்ணத்தக்கது. போதையை அஞ்சி விலகுதல் ஒவ்வொருவர் கடமை. அதில் வீழ்ந்தவனை இகழ்ந்து ஒதுக்காமல், அவன் மீண்டு வாழ ஒரு சோலையை அமைத்துத் தருதல் ஊரார் கடமை.