பேண்டு ஆசிரியருக்கும் ஒரு வாத்தியார்

அமெரிக்க நடுநிலைப் பள்ளியில் ஒரு பேண்டு வகுப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரம்தான். அதற்குள் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஐம்பது அறுபது பேர் பெட்டியைத் திறந்து, கருவியைப் பூட்டி, சுருதி சேர்த்து, வாசித்து, மறுபடி பெட்டியை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டும். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், ட்யூபா, தாளக் கருவிகள் என ஒவ்வொன்றையும் கையாளும் விதம் வேறு. படிக்கும் தாளும் வேறு. 'பி பிளாட்' என்ற ஒரே சுரத்தை எல்லோரும் ஊத வேண்டுமானால், கிளாரினெட் தாளில் அது 'சி' என்று எழுதியிருக்கும். ஆல்டோ சாக்ஸபோன் தாளில் 'ஜி'. பிரெஞ்சு ஹார்ன் தாளில் 'எஃப்'. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நின்று கையசைப்பவர்தான் பேண்டு இயக்குநர்.

நம் ஊரில் பேண்டு என்றதும் சுதந்திர தின அணிவகுப்புதான் நினைவுக்கு வரும். அங்கே அது கால அட்டவணையில் இடம்பெற்ற, மதிப்பெண் உள்ள ஒரு விருப்பப் பாடம். அதை நடத்த வருபவர் வழக்கமாக நான்காண்டு இசைக் கல்விப் பட்டமும் மாநில அரசின் ஆசிரியர் உரிமமும் பெற்றவராக இருப்பார். ஆனால் அந்த நான்காண்டில் குழுவை நடத்தும் கலைக்கென்று கிடைப்பது பல கல்லூரிகளில் இரண்டு பருவங்கள் மட்டுமே. சக மாணவர்கள் எதிரே உட்கார்ந்து வாசிக்க, முறை வரும்போது சில நிமிடம் கையசைத்துப் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு அதுவும் இல்லை. பல பள்ளிகளில் அந்தப் பாடத்துக்கு அவர் ஒருவரே ஆசிரியர். தலைமையாசிரியர் வகுப்பைப் பார்வையிட வந்தாலும் ஒழுங்கைக் கவனிப்பாரே தவிர, இடது கை தேவையில்லாமல் வலது கையையே நகலெடுக்கிறது என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க மாட்டார். தினமும் நூறு பிள்ளைகளைத் திருத்துபவரைத் திருத்த ஆளில்லை. பணியில் இருக்கும் பேண்டு ஆசிரியர்களுக்கான பயிற்சிகள் தேவைப்படுவது இதனால்தான்.

பள்ளி பேண்டுகள் பெருகியது முதல் உலகப் போருக்குப் பின்பு. 1923இல் சிகாகோவில் பள்ளி பேண்டுகளுக்கான தேசிய அளவிலான போட்டி நடந்தது. கருவி தயாரிப்பாளர்கள் அதற்குத் துணை நின்றார்கள். பேசும் படம் வந்ததும் மௌனப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த திரையரங்க வாத்தியக்காரர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிகளுக்கு வந்தார்கள். வாசிக்கத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்குக் கற்பிக்கத் தெரிந்திருக்கவில்லை.

இந்தியானா மாநிலத்தின் ஹோபார்ட் என்ற சிற்றூரில் 1925இல் பள்ளி பேண்டைத் தொடங்கிய வில்லியம் ரெவெல்லியின் சிக்கல் வேறு மாதிரியானது. அவர் படித்தது வயலின். ஊதுகருவிகள் ஒவ்வொன்றையும் சிகாகோவில் இருந்த தேர்ந்த வாசிப்பாளர்களிடம் பாடமாகக் கற்றுக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிற்றூர்ப் பள்ளி தேசியப் போட்டிகளில் வென்றது. 1935இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1971 வரை அங்கே பேண்டுகளை நடத்தினார். அவருடைய ஒத்திகைகளின் கடுமை பெயர்பெற்றது. இன்றைய பயிற்சியாளர்கள் அந்தக் கடுமையை முன்மாதிரியாகக் காட்டுவதில்லை. அது நல்ல மாற்றம். அவர் காதுக்குத் தப்பாத நுணுக்கத்தை மட்டும் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள்.

அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில்தான் எலிசபெத் கிரீன் கற்பித்தார். 1961இல் வெளிவந்த அவருடைய 'தி மாடர்ன் கண்டக்டர்' பல பதிப்புகள் கண்ட பாடநூல். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் சிம்பொனியை 1926இல் லெனின்கிராடில் அரங்கேற்றிய நிக்கோலாய் மால்கோவின் முறைகளை அடியொற்றி எழுதப்பட்டது அது. கிரீன் புகழ்பெறச் செய்த பயிற்சி ஒன்று உண்டு. வாசிப்பவர்களிடம் இசைத்தாளே இருக்காது. எல்லோருக்கும் ஒரே சுரம். எங்கே மெல்ல ஊத வேண்டும், எங்கே வெட்டி ஊத வேண்டும், எங்கே ஒலி பெருக வேண்டும் என்பதை முன்னால் நிற்பவரின் கையைப் பார்த்தே அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாசிப்பவர் தவறினால் பழி கைக்குத்தான். தெளிவாகக் காட்டியதாக நம்பிக்கொண்டிருந்தவர், எதிரே இருப்பவர்களின் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதை அப்போதே கேட்டுவிடுவார். இந்தத் துறையில் இதைவிட நேர்மையான தேர்வு இருக்க முடியாது.

கோடைப் பயிலரங்குகளும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன. ஜூன், ஜூலையில் பல்கலைக்கழகங்கள் சில நாள் முகாம் நடத்தும். ஆசிரியர்களில் சிலர் மேடையேறிக் குழுவை நடத்துவார்கள். மற்றவர்கள் பார்வையாளராகக் கட்டணம் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் ஒருவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். மூத்த பயிற்றுநர் பக்கத்திலேயே நின்று இடையில் நிறுத்துவார், தோளைத் தளர்த்தச் சொல்வார், குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் அதே பகுதியை நடத்தச் சொல்வார். எல்லாம் வீடியோவில் பதிவாகும். இரவில் அதை ஒலியில்லாமல் போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். பாட்டு மெல்ல அடங்கும் இடத்திலும் கை முன்போலவே பெரிதாக வீசிக்கொண்டிருந்தால் அப்போது தப்பாமல் கண்ணில் படும். உடலசைவின் எடை, வேகம், திசை, ஓட்டம் ஆகியவற்றை வகைப்படுத்திய ருடால்ஃப் லாபானின் நாட்டியக் கோட்பாட்டையும் சில பயிற்றுநர்கள் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரைத் தள்ளுவதுபோல ஒரு முறை, ஆணி அடிப்பதுபோல ஒரு முறை என்று அதே நான்கு அடித் தாளத்தைக் காட்டச் சொன்னால், குழுவின் ஒலியும் அதற்கேற்ப மாறுகிறது.

கை இப்படிப் பழகிவிடலாம். ஒத்திகை நடத்துவது அதைவிடக் கடினம். பயிற்சியின் பெரும்பகுதி அங்கேதான் செலவாக வேண்டும். ஒத்திகை நேரத்தில் கணிசமான பங்கு ஆசிரியரின் பேச்சிலேயே கரைகிறது என்று வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அத்தகைய ஆய்வாளர்களான கார்னீலியா யார்பரோவும் ஹாரி பிரைஸும் 1980களில் நல்ல கற்பித்தலை மூன்று படியாகப் பகுத்தார்கள்: செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்வது, பிள்ளைகளை வாசிக்க விடுவது, வாசித்தது பற்றிக் குறிப்பாகக் கருத்துச் சொல்வது. கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் மூன்றாவது படி விழுங்கப்பட்டுவிடும், அல்லது 'நன்று, இன்னொரு முறை' என்பதோடு முடிந்துவிடும். எதற்காக இன்னொரு முறை என்று தெரியாத பிள்ளை அதே தவறை இன்னும் உறுதியாகக் கற்றுக்கொள்கிறது.

சுருதியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கிளாரினெட்டுகள், ஒன்று நொடிக்கு 440 அதிர்விலும் மற்றது 442இலும் ஒலித்தால், சேர்ந்த ஒலி நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். 'நீ கொஞ்சம் ஏறியிருக்கிறாய்' என்று ஆசிரியரே சொல்லிவிட்டால் அன்றைக்குச் சிக்கல் தீரும். அந்த அலையடிப்பைப் பிள்ளைகளையே கேட்கச் சொல்லி, அது நின்றுபோகும்வரை சரிசெய்ய விட்டால் அடுத்த வாரமும் உதவும். பியானோவில் ஒலிக்கும் மேஜர் கார்டில் நடுச்சுரம், இயற்கை இசைவோடு ஒப்பிட்டால், சற்று ஏறியிருக்கிறது. அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் சுமார் 14 பங்கு. ஊதுகருவிக்காரர் அதை இறக்கிச் சேர்க்க முடியும். மின்னணுச் சுருதிமானியின் முள்ளை மட்டுமே நம்புகிற குழுவுக்கு இது ஒருபோதும் வசப்படாது. ஒலியின் சமநிலைக்கு ஆர்க்கன்சாஸ் இசையமைப்பாளர் பிரான்சிஸ் மெக்பெத் 1972இல் ஒரு பிரமிடு உருவம் தந்தார்: அடியில் ட்யூபா போன்ற தாழ்ந்த குரல்கள் அகலமாக, மேலே போகப் போகக் குறைந்து, உச்சியில் புல்லாங்குழல். அரை நூற்றாண்டு கடந்தும் பயிலரங்குகளில் அந்தப் படம் கரும்பலகையில் வரையப்படுகிறது.

ஆசிரியரின் திறமை அப்பட்டமாகத் தெரிவது டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளின் 'பார்த்ததும் வாசித்தல்' சுற்றில். யாரும் முன்பு பார்த்திராத ஒரு புதிய உருப்படி கையில் தரப்படும். ஆசிரியருக்குச் சில நிமிடம். அதற்குள் தாளக்கட்டு, சுருதி மாற்றம், பொறிவைத்த இடங்கள் எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டும். யாரும் கருவியை ஒலிக்கக் கூடாது. பிறகு நேராக வாசிப்புதான். எதை முதலில் சொல்வது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதில் பேண்டு நிமிரும் அல்லது சரியும். சான் அன்டோனியோவில் ஆண்டுதோறும் ஜூலையில் கூடும் டெக்சாஸ் பேண்டு ஆசிரியர்களின் மாநாட்டில் ஒத்திகை நுட்பங்களுக்கு நிறைய அமர்வுகள் ஒதுக்கப்படுவதில் வியப்பில்லை.

எல்லாவற்றிலும் பெரிய கூட்டம் சிகாகோவின் 'மிட்வெஸ்ட் கிளினிக்'. 1946இல் தொடங்கியது, ஒவ்வொரு டிசம்பரிலும் பல நாடுகளின் ஆசிரியர்கள் வருகிறார்கள். பயிற்சி அமர்வுகளும் கச்சேரிகளும் நடக்கும். இங்கே அதிகம் பேசப்படும் இன்னொன்று, எந்த இசையைக் கற்பிப்பது என்ற கேள்வி. 1997இல் தொடங்கிய, ரிச்சர்ட் மைல்ஸ் பதிப்பித்த 'டீச்சிங் மியூசிக் த்ரூ பெர்ஃபார்மன்ஸ் இன் பேண்ட்' தொகுதிகள், ஒவ்வொரு படைப்புக்கும் வரலாறு, அமைப்பு, கற்பிக்கும் வழி ஆகியவற்றை விரித்துத் தந்தன. போட்டிக்கு மூன்று உருப்படிகளை மனப்பாடம் செய்வித்து ஆண்டை ஓட்டும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

படைப்பே ஆசிரியருக்குப் பாடம் எடுப்பதும் உண்டு. 1937இல் மில்வாக்கியில் கூடிய பேண்டு தலைவர்களின் மாநாட்டுக்காக பெர்சி கிரெய்ஞ்சர் 'லிங்கன்ஷையர் போஸி'யை எழுதினார். சில பகுதிகள் அந்த அரங்கேற்றத்தில் வாசிக்கப்படவே இல்லை. அவ்வளவு சிக்கலான தாளங்கள். அதில் 'லார்ட் மெல்போர்ன்' என்ற பகுதி தொடங்கும் இடத்தில் தாளக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு அடியும் எவ்வளவு நீளம் என்பதை நடத்துபவரே அந்தக் கணத்தில் முடிவு செய்கிறார். மனப்பாடமான கையசைவு இங்கே பயன்படாது.

இந்தப் பயிற்சிகளுக்குப் பணம் வேண்டும். கட்டணம், பயணம், தங்கும் செலவு எல்லாவற்றையும் எல்லாப் பள்ளி மாவட்டங்களும் தருவதில்லை. சொந்தக் காசில் போகிறவர்கள் ஏராளம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒருவரே பார்த்துக்கொள்ளும் கிராமப்புறப் பள்ளியின் ஆசிரியருக்குத்தான் இது மிகவும் தேவை. அவரால்தான் போக முடிவதில்லை. அவரைத் தேடி வரும் பயிற்சி ஒன்று உண்டு. பல வட்டார இசைவிழாக்களில் பேண்டு வாசித்து முடித்ததும், நடுவர்களில் ஒருவர் அதே பிள்ளைகளோடு சில நிமிடம் ஒத்திகை நடத்துவார். ஆசிரியர் ஓரமாக நின்று பார்க்கலாம். மாதக்கணக்கில் தான் போராடிய பகுதியில் வந்தவர் என்ன கேட்டார், எத்தனை வார்த்தை பேசினார், கை எப்போது நின்றது என்று குறித்துக்கொள்ளலாம். நடுவர்கள் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே பேசிப் பதிவுசெய்த கருத்துகளும் கையில் வரும். திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டி, கூடவே உட்கார்ந்து கேட்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.