பட்டிப்பூவும் இரத்தப் புற்றுநோய் மருந்தும்

வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்த வளவுகளுக்குத் திரும்பிச் சென்ற எமது பெண்கள் பலர் அங்கே பட்டிப்பூவைக் கண்டிருப்பார்கள். வீட்டுக்குக் கூரை இருக்காது, கிணறு தூர்ந்து போயிருக்கும். ஆனால் இடிந்த படிக்கட்டின் வெடிப்பில் ஊதாவும் வெள்ளையுமாக அது பூத்திருக்கும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, ஆடும் வாய் வைக்காது. தமிழ்நாட்டில் இதை நித்தியகல்யாணி என்கிறார்கள். சிங்களத்தில் 'மினீமல்', அதாவது பிணப்பூ. மயானக் கரைகளிலும் பூப்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம். இதன் பூர்வீகம் மடகஸ்கார் தீவு.

வீடுகளுக்குச் செல்லும்போது வயதான தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பிள்ளை, பட்டிப்பூ இலையை அவிச்சுக் குடிச்சால் சீனி வருத்தம் மாறுமாமே? புற்றுநோய்க்கும் அதுதானாம் மருந்து." இந்தக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் "இல்லையம்மா" என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்.

கதை ஜமெய்க்காவில் தொடங்குகிறது. அங்குள்ள ஏழை மக்கள், இன்சுலின் கிடைக்காத வேளைகளில், இந்த இலையைத் தேநீர் போல அவித்து நீரிழிவுக்குக் குடித்து வந்தனர். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எமக்கு, மருந்து வராத ஊரில் மக்கள் எதைத் தேடுவார்கள் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1952ஆம் ஆண்டில் ஜமெய்க்காவில் இருந்த ஒரு வைத்தியர் 25 இலைகளைக் கடித உறையில் இட்டுக் கனடாவில் கிளாக் நோபிள் என்ற வைத்தியருக்கு அனுப்பினார். இந்த நோபிள், 1921இல் ரொறன்ரோவில் இன்சுலின் ஆராய்ச்சி தொடங்கியபோது யார் முதலில் உதவியாளராகச் சேர்வது என்று நாணயம் சுண்டிப் பார்த்ததில் தோற்றுப்போன மாணவர். அவர் இலைகளைத் தன் சகோதரரான றொபேர்ட் நோபிளிடம் கொடுத்தார். றொபேர்ட் ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தார்.

றொபேர்ட் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீனி குறையவில்லை. ஊசி மூலம் ஏற்றியபோது எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றினால் இறந்தன. வேறொருவர் என்றால் இலைகளைக் குப்பையில் போட்டிருப்பார். அவரோ எலிகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார். கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் பெருமளவு குறைந்திருந்தன. அப்படியென்றால், இந்தக் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவாதா என்ற கேள்வி பிறந்தது. 1954இல் சாள்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளர் அவருடன் இணைந்தார். 1958இல் இலையிலிருந்து வின்பிளாஸ்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்ததை அறிவித்தனர். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் அதே செடியைத் தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கே கிடைத்த வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே நூல் போன்ற நுண்ணிய குழாய்கள் உருவாகிப் பரம்பரை அலகுகளை இருபக்கமும் இழுத்துச் செல்லும். இந்த மருந்துகள் அக்குழாய்களை உருவாக விடாமல் தடுப்பதால் கலம் பிரிய முடியாமல் அழிகிறது. வேகமாகப் பிரிவது புற்றுநோய்க் கலம் ஆகையால் அடி கூடுதலாக அதற்கே விழுகிறது. 1960களின் ஆரம்பத்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட சிறுவர்களில் மிகச் சிலரே பிழைத்தனர். இன்று, சிகிச்சை வசதி நன்றாக உள்ள நாடுகளில், சிறுவரில் அதிகமாகக் காணப்படும் வகையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கின்றனர். வின்கிறிஸ்ரின் தனியாக இதைச் செய்யவில்லை, வேறு மருந்துகளும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன.

அப்படியானால் முற்றத்து இலையை அவித்துக் குடித்தால் என்ன? அளவைப் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்ரின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்ரின் இதைவிடவும் அரிது. ஆகவே புற்றுநோயைத் தாக்கும் அளவு ஒரு கோப்பைக் கசாயத்தில் இராது. மறுபுறம், செடியில் நூற்றுக்கு மேற்பட்ட வேறு இரசாயனங்களும் உள்ளன, அவற்றில் நஞ்சும் உண்டு. பிரித்தெடுத்த மருந்தையே பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவையில் வழமையாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. அது ஓர் அரிசிமணியில் பத்திலொரு பங்கு. அதையும் நாளத்தினூடாக மட்டுமே ஏற்றுவார்கள். கர்ப்பிணிகள் இந்த இலையின் பக்கமே போகக்கூடாது. நீரிழிவு மாத்திரையுடன் கசாயத்தையும் சேர்த்துக் குடித்தால் சீனி எந்த அளவுக்கு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைச் சொல்லி யாரையும் ஏச நான் விரும்பவில்லை. கிளினிக் நாளில் கூலி போகும், பஸ் காசு வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு வேலியோரத்து இலை மட்டும்தான் செலவில்லாத மருந்து. ஆனால் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். போக்குவரத்துச் செலவுதான் தடையென்றால் அதைக் கிராமசேவகரிடமோ சமூகசேவை உத்தியோகத்தரிடமோ வெட்கப்படாமல் கேளுங்கள். மூலிகை வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் செல்லலாம், கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. எங்கே சென்றாலும் மற்ற இடத்தில் எடுக்கும் மருந்தை மறைக்க வேண்டாம்.

கிளினிக்கில் சீனி வருத்தத்துக்குத் தரும் மெற்போமினின் கதையும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் நீரிழிவின் அறிகுறிகளுக்குப் பயன்பட்ட ஒரு மூலிகையில் இருந்த பொருள் சீனியைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதே வகையில் பாதுகாப்பான இரசாயனத்தைத் தேடியபோது கிடைத்தது மெற்போமின். "இங்கிலிஸ் மருந்து" என்று ஒதுக்குபவர்கள் இதை அறியவேண்டும்.

மடகஸ்காருக்கும் ஜமெய்க்கா மக்களுக்கும் இந்த இலாபத்தில் உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. தாவரவளம் அந்தந்த நாட்டுக்கு உரியது என்ற உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கை 1992இல்தான் வந்தது.

பிள்ளைக்கு வின்கிறிஸ்ரின் ஏற்றப்படும் தாய்மாருக்கு ஒரு விடயம். மலச்சிக்கல், தாடை நோவு, கைகால் விறைப்பு, முடி உதிர்தல் வரக்கூடும், வைத்தியரிடம் சொல்லுங்கள். சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அந்த இரவே வைத்தியசாலைக்குப் போங்கள்.