மின்தடைக்குப் பின் விழித்தெழாத கணிப்பொறி

பெங்களூர் நகருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் 1902ஆம் ஆண்டில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு முதன்முதலாக அனுப்பப்பட்டது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூர் வீதிகளிலும் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. மின்சார சாதனங்களைச் சோதித்து ஆராயும் மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் 1960இல் இந்நகரிலேயே நிறுவப்பட்டது. எனினும், கோடை மழையோடு வீசும் காற்றில் மரக்கிளைகள் முறிந்து கம்பிகளின்மேல் விழுவதும், மின்சாரம் சில மணி நேரம் தடைப்படுவதும் இங்கும் ஆண்டுதோறும் நிகழ்வனவே.

மின்சாரம் மீண்டதும் விளக்குகள் எரிகின்றன, விசிறிகள் சுழல்கின்றன. ஆய்வுக்கூடத்தின் மூலையில் பல ஆண்டுகளாக இரவு பகலாக இயங்கிவந்த பழைய வொர்க்ஸ்டேஷன் மட்டும் சில வேளைகளில் எழுவதில்லை. இது வெறும் பழம்பொருள் அன்று. அளவுக் கருவி ஒன்றோடு இணைக்கப்பட்டு, அக்கருவிக்கெனவே எழுதப்பட்ட புரோகிராமை இயக்கும் கணிப்பொறியாக அது இருக்கலாம். அந்தப் புரோகிராம் புதிய கணிப்பொறிகளில் பெரும்பாலும் இயங்காது. பல ஆண்டுக் கால அளவீடுகளும் அதன் டிஸ்க்கிலேயே தங்கியிருக்கக்கூடும். ஆகவே, இவ்வேளையில் பொறுப்பிலுள்ளவர் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பதும், என்ன செய்யாமல் இருக்கிறார் என்பதும் மிகவும் முக்கியமாகும்.

பழுதின் உண்மைக் காரணம்

மின்தடையே கணிப்பொறியைக் கெடுத்துவிட்டது என்று கருதுவது இயல்பு. மின்சாரம் திரும்பும்போது ஏற்படும் மிகை அழுத்தத்தால் சில சாதனங்கள் பழுதாவதும் உண்டு. ஆயினும், பழைய யந்திரங்களில் பெரும்பாலும் நிகழ்வது வேறு. சிறிது சிறிதாக முன்பே ஏற்பட்டிருந்த தேய்மானத்தை மின்தடை வெளிப்படுத்திவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் யந்திரம் தொடர்ந்து ஓடுவது எளிது. நின்ற யந்திரம் மீண்டும் புறப்படுவது கடினம். இதனை மூன்று உதாரணங்களால் விளக்கலாம்.

முதலாவது, மின்வழங்கிப் பெட்டியிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள். இவற்றினுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் ஆண்டுக்கணக்கில் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்ஷியஸ் உயர்ந்தால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது பொறியியலார் கொள்ளும் பொது விதி. உலர்ந்த மின்தேக்கியின் உள்தடை சூடாக இருக்கையில் குறைவாகவும், குளிர்ந்தபின் அதிகமாகவும் இருக்கும். எனவே, ஓடும்போது தன் கடமையைச் செய்துவந்த மின்தேக்கி, நின்று குளிர்ந்த பிறகு பெட்டியைத் துவக்கும் திறனை இழந்துவிடுகிறது.

இரண்டாவது, சிறு பாட்டரி. மேசைக் கணிப்பொறிகளில் கடிகாரத்தையும், துவக்கத்துக்குரிய அமைப்புக் குறிப்புகளையும் காப்பது, பெரும்பாலும் நாணயம் போன்ற சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பாட்டரியாகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பழைய வொர்க்ஸ்டேஷன்கள் பலவற்றில் இப்பாட்டரி ஒரு சில்லுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. அந்நிறுவனம் 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. அதன் யந்திரங்களோ சில இடங்களில் அதற்குப் பின்னும் உழைத்தன. மின்சாரம் உள்ளவரை பாட்டரிக்கு வேலை இல்லையாதலால், அது தீர்ந்துபோனது எவருக்கும் தெரிவதில்லை. மின்சாரம் நின்ற அன்றே யந்திரம் தன் தேதியையும், வலையமைப்பில் தனக்குரிய முகவரியையும், எந்த டிஸ்க்கிலிருந்து துவங்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறது.

மூன்றாவது, ஹார்டு டிஸ்க். அதனைச் சீராகச் சுழலவைக்கத் தேவைப்படும் மின்னோட்டத்தைவிட, நின்ற நிலையிலிருந்து புறப்படச் செய்வதற்கு மிகுதியான மின்னோட்டம் வேண்டும். பலவீனமடைந்த மின்வழங்கி இத்தருணத்தில் தோல்வியுறலாம்.

சோதனையின் வரிசை

காரணங்கள் இவ்வாறிருக்க, சோதனையும் எளியதிலிருந்து கடினமானதை நோக்கி ஒழுங்காகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வது அவசியம். ஒரே வேளையில் மூன்றை மாற்றியவர், யந்திரம் எழுந்தாலும் காரணத்தை அறியமாட்டார்.

சுவரிலுள்ள பிளக் இணைப்பில் வேறொரு சாதனத்தைப் பொருத்தி, மின்சாரம் வருகிறதா என முதலில் காண வேண்டும். பிறகு கம்பி, ப்யூஸ், யூ.பி.எஸ். ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். அடுத்து, கணிப்பொறியின் மின்கம்பியை முற்றிலும் கழற்றி, துவக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் இணைக்கலாம். மிகை அழுத்தம் கண்டு தன்னைத்தானே பூட்டிக்கொண்ட மின்வழங்கிகள் இதனாலேயே விடுபடுவதுண்டு.

அப்போதும் விசிறி சுழலாவிடில் மின்வழங்கியையே ஐயுற வேண்டும். மேசைக் கணிப்பொறிகளின் ஏ.டி.எக்ஸ். வகை மின்வழங்கியில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்னும் வெளியீடுகள் 5 சதவீதத்துக்கு மேல் விலகலாகாது. அதாவது, 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை மல்டிமீட்டர் காட்ட வேண்டும். தனி அமைப்புடைய வொர்க்ஸ்டேஷன்களுக்கு அவற்றின் கைநூலையே பின்பற்ற வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் பயிற்சியற்றவர் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட் ஆகும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் இவ்வழுத்தம் மின்தேக்கிகளில் சிறிது நேரம் தங்கி, உயிருக்கு ஆபத்து விளைவிக்கலாம்.

விசிறி சுழன்றும் திரையில் ஒன்றும் தோன்றாவிடில், பீப் ஒலிகளையும் சிறு விளக்குகளின் குறிப்புகளையும் கவனித்துக் கைநூலோடு ஒப்பிட வேண்டும். மின்கம்பியை மீண்டும் கழற்றிவிட்டு, நினைவகத் தகடுகளை எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். திரை ஒளிர்ந்தும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருப்பின், பாட்டரி தீர்ந்துவிட்டது என்பது உறுதியாகிறது. புதிய பாட்டரியைப் பொருத்தி, டிஸ்க்கின் இணைப்பு முறையையும் துவக்க வரிசையையும் முன்பிருந்தவாறு அமைக்க வேண்டும். பாட்டரி தீர்ந்தால் இவ்வமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அந்நிலை டிஸ்க்கிலுள்ள இயக்க மென்பொருளுக்குப் பொருந்தாதபோது, நல்ல டிஸ்க்கும் கெட்டது போலத் தோன்றும்.

செய்யத்தகாதவை

பெரிய இழப்பு பெரும்பாலும் பழுதினால் அன்று, அவசரத்தினாலேயே நேருகிறது. டிஸ்க்கை அழித்துப் புதிதாக அமைக்கலாமா என்று திரை வினவும்போது ஆம் என்று விடையளிப்பது, பல ஆண்டு உழைப்பை ஒரு நொடியில் இழப்பதாகும். இயக்க மென்பொருளை மீண்டும் நிறுவுவதும், டிஸ்க்கைத் திருத்தும் புரோகிராமை உடனே ஓட்டுவதும் அவ்வாறே தீங்கு விளைவிக்கலாம். அவை டிஸ்க்கின்மேல் எழுதுபவை. முதலில் டிஸ்க்கைக் கழற்றி, நல்ல நிலையிலுள்ள வேறொரு கணிப்பொறியில் படிப்பதற்கு மட்டும் இணைத்து, முழுமையான நகல் ஒன்று எடுத்துக்கொள்வதே முறை. திருத்தமெல்லாம் அந்நகலின்மேல் நடைபெறட்டும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்னும் ஓசை கேட்குமாயின், மின்சாரத்தை உடனே நிறுத்தி, நிபுணரிடம் ஒப்படைப்பதே நலம்.

முன்னேற்பாடுகள்

மின்சாரம் திரும்பியவுடன் கணிப்பொறியை இயக்காமல், அழுத்தம் நிலைபெறும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். பழைய யந்திரங்களின் பாட்டரியைத் தீருமுன்னரே மாற்றுவதும், துவக்க அமைப்புகளைத் தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவைப்பதும் செலவற்ற காப்பு முறைகள். அளவீடுகளின் நகல் வேறொரு கட்டிடத்தில் இருப்பது இன்றியமையாதது. ஆண்டுக்கு ஒருமுறை, நகல் எடுத்தபின், வசதியான ஒரு நாளில் யந்திரத்தை முறைப்படி நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்ப்பதும் நன்று. மறைந்துள்ள தேய்மானம் அன்றே தெரியவரும். அதனைத் திருத்த அவகாசமும் கிடைக்கும்.

பள்ளியின் பழைய கணிப்பொறி ஒன்று எழாதபோது, ஆசிரியர்கள் அதனையே ஒரு பாடமாகக் கொள்ளலாம். கழற்றிய பாட்டரியின் அழுத்தத்தை மாணவர்கள் மல்டிமீட்டரால் தாமே அளந்து, நோட்டில் எழுதட்டும். ஊகத்தை அளவினால் சோதித்து, ஒவ்வொரு படியாக முடிவுக்கு வருவதே விஞ்ஞான முறை என்பதை அம்மாணவர்கள் அன்று கண்கூடாக அறிவார்கள்.