வல்லுநரல்லாதார் வீட்டில் லினக்ஸ்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதியன்று மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த வழமையான பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பின்வந்த விண்டோஸ் 11, டீ.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு உறுப்பு முதலியவற்றை வேண்டி நிற்பதால், பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பல அதனை முறைப்படி ஏற்க இயலாதனவாயின. அத்தகைய கணினியை வைத்திருப்போருக்கு அறிந்தவர்கள் கூறும் ஆலோசனை, “லினக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள், விலையும் இல்லை, வேகமும் உண்டு” என்பதாகும். ஆலோசனை பொய்யன்று. ஆயினும் அதனைக் கேட்டு நடந்த சாதாரண மனிதர் பலர் சில வாரங்களுக்குள் சலித்துத் திரும்புவது ஏன் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நேயர்களுள் லினக்ஸை அறியாதாரும் இருப்பர். 1991ஆம் ஆண்டிலே, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் எழுதி வெளியிட்ட கருநிரலே லினக்ஸ். உலகெங்குமுள்ள நிரலாளர் அதனை வளர்த்தனர். அக்கருவோடு வேறு மென்பொருள்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டி, உபுண்டு, டெபியன், பெடோரா, மின்ட் என வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு பெயரில் வழங்குகின்றனர். அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளின் அடியிலிருப்பதும் இக்கருவே. உலகின் அதிவேகக் கணினிகளெனப் பட்டியலிடப்படும் ஐந்நூறும் 2017 முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆகவே, முறைமை வலுவற்றது என்று எவருஞ் சொல்லார். ஆனால் அங்கெல்லாம் அதனைப் பேணுவதற்குச் சம்பளம் பெறும் வல்லுநர் இருக்கின்றனர். வீட்டில் அப்படி எவருமில்லை.

விண்டோஸ் எளிது என்கிறோமே, அந்த எளிமை எங்கிருந்து வருகிறது? கணினியைக் கடையில் வாங்கும்போதே பெரும்பாலும் விண்டோஸ் அதிற் பொருத்தப்பட்டிருக்கிறது. கம்பியில்லா இணைப்புக்கும் ஒலிக்கும் அச்சுப்பொறிக்கும் வேண்டிய இயக்கிகளை, அவ்வுறுப்புகளைச் செய்த நிறுவனத்தாரே விண்டோஸுக்கென எழுதிக் கொடுக்கின்றனர். நாம் காணும் எளிமை, பிறர் முன்கூட்டியே செய்துவைத்த வேலையின் பயன். லினக்ஸை நிறுவுபவர் அவ்வேலையிற் பாதியைத் தம் தலையிற் சுமக்கிறார். அப்படியொரு சுமை உண்டென்று அவருக்கு எவரும் முன்னதாகச் சொல்வதில்லை.

ஓர் உதாரணம். புரோட்கொம் நிறுவனத்தின் கம்பியில்லா இணைப்புச் சில்லுகள் சில, தமக்குரிய மென்பொருளொன்று ஏற்றப்பட்டாலன்றி இயங்கா. அதன் மூலநிரல் திறந்ததன்று; உரிமத் தடைகளும் உண்டு. ஆதலால் வழங்கல்கள் பல அதனை உடன் வைத்துத் தருவதில்லை. அதனைத் தரவிறக்க இணையம் வேண்டும். இணையம் வருவதற்கு அது வேண்டும். திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். டெபியன் குழுவினர் 2022இல் வாக்கெடுப்பு நடத்திய பின்னரே, 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல் இத்தகையவற்றைத் தம் அதிகாரபூர்வ நிறுவியிற் சேர்த்தனர். “இணையம் வரவில்லை” என்று ஒருவர் நொந்துகொண்ட விடயம், ஆக்கியோருக்குக் கொள்கைப் பிரச்சினையாயிருந்தது! கொள்கை உயர்ந்ததே, ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர் அக்கொள்கையைக் கேள்விப்பட்டும் இராதவர்.

உதவி தேடிப் போனால், முனையம் என்னும் வெற்றுத் திரையைத் திறந்து கட்டளையொன்றைத் தட்டும்படி சொல்வார்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வெவ்வேறானவை. கடவுச்சொல்லைத் தட்டும்போது நெடுங்காலமாகப் பல வழங்கல்களிலே ஒரு புள்ளிகூடத் தோன்றுவதில்லை. விசைப்பலகை பழுதென்று எண்ணி எழுந்துவிடுவோருமுண்டு. கிடைக்கும் ஆலோசனையும் பழையதாயிருக்கும். உபுண்டு 2011இல் யுனிற்றி என்ற முகப்பை வழமையாக்கிப் பின் 2017இல் அதனைக் கைவிட்டது. இடைக்காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டியை இன்று படிப்பவர், இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

கட்டளைகளை நம்பித் தட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பலரறிந்த சம்பவமொன்று உண்டு. கனடாவைச் சேர்ந்த லைனஸ் செபாஸ்தியன், கணினிக் கருவிகளைப் பற்றிய காணொளிகளை வெளியிடுவதையே தொழிலாகக் கொண்டவர், வெறும் பாமரரல்லர். 2021ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான காணொளியொன்றிலே, பொப் ஓ.எஸ். என்னும் வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். சுட்டியால் அழுத்தி நிறுவும் வழி கைகொடுக்கவில்லை. முனையத்தை நாடினார். முறைமை நீண்ட பட்டியலொன்றைக் காட்டி, தீங்கு விளையலாம் என்றும், தொடர விரும்பின் “ஆம், நான் சொல்வதைச் செய்” என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் தட்டுமாறும் கேட்டது. தட்டினார். கணினியின் வரைகலை முகப்பு முழுவதும் நீங்கிப்போயிற்று!

எச்சரிக்கையை வாசித்திருக்கலாமே என்றனர் வல்லுநர் சிலர். எச்சரிக்கை இருந்தது மெய்தான். ஆனால் விளையாட்டொன்றை நிறுவச் சொன்னவருக்கு, திரையிலுள்ள யாவும் அழிவதும் அதனுள் அடங்கும் என்று எப்படித் தோன்றும்? பொதிகளின் தொடர்பிலிருந்த பிழையே அதற்குக் காரணம். அவ்வழங்கலை ஆக்கும் சிஸ்டம் 76 நிறுவனத்தார் அதனைத் திருத்தியதோடு, ஒரு வாக்கியத்தைத் தட்டிய மாத்திரத்தில் இன்றியமையாப் பகுதிகள் நீங்கிவிடாதபடியும் மாற்றியமைத்தனர். பயன்படுத்தியவரைக் குறை கூறியோரைவிட அவர்களே விடயத்தைச் சரியாக விளங்கிக்கொண்டனர் எனலாம்.

நம் நாட்டவருக்கெனத் தனியான இடரொன்றும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டப்பட்ட தமிழ் ஆவணங்கள் இங்கு ஏராளம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். விண்டோஸிலும் அவ்வாறே நிகழும். ஆனால் கணினியைப் பூட்டித் தந்த கடைக்காரர் பாமினியை முன்னரே போட்டுக் கொடுத்திருப்பார். லினக்ஸில் ஆவணம் கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. எழுத்துருவை நிறுவியவுடன் தமிழ் மீண்டு வரும்.

மாற எண்ணும் நேயர்கள், இருக்கும் விண்டோஸை உடனே அழித்துவிட வேண்டாம். உபுண்டு, மின்ட் போன்றவற்றை யூ.எஸ்.பீ. நினைவியில் ஏற்றி, கணினியில் எதனையும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். சற்று மெதுவாக ஓடும்; அதனாற் குற்றமில்லை. கம்பியில்லா இணைப்பு கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, வீட்டு அச்சுப்பொறி ஒரு தாளையேனும் அச்சிடுகிறதா, அலுவலகத்திலிருந்து வரும் வேர்ட் ஆவணம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பாருங்கள். இவற்றுள் எது தவறினும், நினைவியைக் கழற்றிக் கணினியை மீளத் தொடக்கினால், பழைய விண்டோஸ் பழையபடியே அங்கிருக்கும்.