வெளிச்சக் கணக்கு – 9: பெட்டிக்குள் ஒரு சூரியன்

போன மே மாதம் கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். “ஒரு சோலார் பேனலுக்கு 540 வாட்டுன்னு போட்டிருக்கான். பத்து பேனல் இருக்கு. உச்சி வெயில்ல 4,600-ஐத் தாண்ட மாட்டேங்குதே, ஏமாத்திட்டானாடா?” அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். சேர்த்து வைத்த காசைப் போட்டு வாங்கியவர்.

அந்த 540-ஐ எழுதுகிற இடத்தை ஒரு தொழிற்சாலையில் நின்று பார்த்திருக்கிறேன். பேனல் நகர்ந்து வந்து இருட்டுப் பெட்டிக்குள் போகிறது. அதன் இரண்டு ஒயர்களையும் கவ்விகள் பிடித்துக்கொள்கின்றன. பளிச்சென்று ஒரு வெளிச்சம், கல்யாண வீட்டு போட்டோ ஃப்ளாஷ் மாதிரி. அவ்வளவுதான். திரையில் ஒரு வளைகோடு விழுகிறது, பக்கத்துப் பிரிண்டரிலிருந்து ஸ்டிக்கர் வருகிறது. ‘ஃப்ளாஷ் டெஸ்ட்’ என்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பது சன் சிமுலேட்டர், செயற்கைச் சூரியன்.

நிஜ வெயிலை வைத்து விலை பேச முடியாது. மேகம், தூசி, நேரம் எல்லாம் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் உலகம் முழுவதும் ஒரே வெயிலை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், செல்லின் சூடு 25 டிகிரி, வெளிச்சத்தின் நிறக்கலவை ‘ஏ.எம். 1.5’. சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது கதிர் கடக்கும் காற்றின் அளவு 1 என்றால், உச்சியிலிருந்து 48 டிகிரி சரிந்திருக்கும்போது அது ஒன்றரை மடங்கு. சென்னையில் மார்ச் மாதக் காலை ஒன்பது மணி வெயிலின் சரிவு ஏறக்குறைய அதுதான். இந்த நிறப்பட்டியலை வகுத்தபோது, 37 டிகிரி சாய்த்து வைத்த பேனலின் மேல் விழும் வெயிலைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அமெரிக்காவின் 48 மாநிலங்களுடைய சராசரி அட்சரேகைக்கான சாய்வு அது.

அந்த நிறத்தை விளக்கில் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. ஹாலஜன் பல்பின் இழை ஏறக்குறைய 3,000 கெல்வின் சூட்டில்தான் எரியும். சூரியனின் மேற்பரப்போ கிட்டத்தட்ட 5,800. ஹாலஜன் வெளிச்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கும், நீலம் குறைவு. செனான் விளக்கு சூரியனுக்கு வெகு அருகில் வருகிறது. ஆனால் 800 முதல் 1,000 நானோமீட்டருக்குள் அதில் கூரான முகடுகள் உண்டு, பேனலிலுள்ள சிலிக்கான் நன்றாக வேலை செய்கிற இடமும் அதுவே. ஃபில்டர் போட்டு அந்த முகடுகளை அடக்குகிறார்கள். இப்போது பல நிற எல்.இ.டி.களைச் சேர்த்தும் சூரியனைக் கட்டுகிறார்கள்.

விளக்குக்கு வயதாகும். அதனால் அளந்து முத்திரையிட்ட மாதிரி பேனல் ஒன்றை அவ்வப்போது பெட்டிக்குள் விட்டு, வெளிச்சத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்த மாதிரியின் அளவு, படிப்படியாக, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலுள்ள பி.டி.பி. போன்ற தேசிய அளவை நிறுவனங்கள் வரை போய்ச் சேரும். இதில் ஒரு சதவீதம் பிசகினால் சித்தப்பா மாதிரி ஆள் பத்து பேனலில் 54 வாட்டுக்குச் சும்மா காசு கொடுத்திருப்பார். புதிய டாப்கான், ஹெட்டிரோஜங்ஷன் செல்கள் இன்னொரு சிக்கல். அவை மின்னேற்றத்தைச் சற்றுப் பிடித்து வைத்துக்கொள்பவை. சில மில்லி விநாடி ஃப்ளாஷில் அவசரமாக அளந்தால் எண் தப்பாக வரும். ஃப்ளாஷை நீட்ட வேண்டும், இல்லையென்றால் துண்டு துண்டாக அளக்க வேண்டும்.

சித்தப்பாவின் பேனலில் குறையில்லை. ஃப்ளாஷ் அணைவதற்குள் பேனல் சூடேற நேரமே கிடையாது, 25 டிகிரியிலேயே நிற்கும். கோவில்பட்டி மாடியில் மே மாத மதியம் அது 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் போகும் என்றால் 40 டிகிரிக்கு 14 சதவீதம். 540-ல் மிஞ்சுவது 464. பத்து பேனலுக்கு அவர் சொன்ன கணக்கு கிட்டத்தட்ட வந்துவிட்டது.

“இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் சித்தப்பா. சொல்லியிருக்க வேண்டும். 800 வாட் வெளிச்சம், 20 டிகிரி காற்று, பேனல் தானாகவே சூடாகும் நிலை என்று இன்னொரு அளவும் டேட்டா ஷீட்டில் இருக்கிறது. 540 வாட் பேனலுக்கு அங்கே 400 வாட் சுமாருக்குத்தான் போட்டிருப்பார்கள். அந்த எண்ணையும் ஸ்டிக்கரில், 540-க்குப் பக்கத்திலேயே, அதே பருமனான எழுத்தில் அச்சிட வேண்டும்.