ஜிம்மில் சேர்வதா, வீட்டிலேயே ஜிம் அமைப்பதா?

உடலை வலுப்படுத்த விரும்புகிறவர் கட்டணம் செலுத்தி ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர வேண்டுமா, கருவிகளை வாங்கி வீட்டிலேயே பயில வேண்டுமா என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. நவீன உடற்கட்டுக் கலையின் முன்னோடியாகப் போற்றப்படும் யூஜின் சாண்டோ, 1897இல் லண்டனில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கு வர இயலாதவர்களுக்காக, கைப்பிடியில் சுருள்வில் பொருத்திய டம்பெல்களையும் அஞ்சல்வழிப் பாடங்களையும் அவரே விற்றார். பெங்களூரின் புகழ்பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் கே. வி. ஐயரும் கூடம் நடத்திக்கொண்டே அஞ்சல்வழியாகவும் மாணவர்களைப் பயிற்றுவித்தார். ஒரே ஆசிரியர் இரு வழிகளையும் வகுத்துத் தந்திருப்பதால், எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, எவருக்கு எது, எந்தக் கட்டத்தில் பொருந்தும் என்று கேட்பதே பயன் தரும்.

உடலின் தேவை என்ன என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உழைப்பிலோ ஈடுபட வேண்டும். அத்துடன் முக்கியத் தசைகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்ய வேண்டும். பேச முடிந்தும் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் விரைவு நடை மிதமான உழைப்பு எனப்படும். இதற்குச் சாலையோ பூங்காவோ போதும் என்பதால், ஜிம்மா வீடா என்ற கேள்வி உண்மையில் எழுவது தசைப் பயிற்சியின் பொருட்டே ஆகும்.

தசைப் பயிற்சியின் அடிப்படை விதி, சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது. இரண்டாம் உலகப் போரின்போது காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், இந்த முறையை மருத்துவ உலகில் நிலைநாட்டி 1945இல் கட்டுரையாக வெளியிட்டார். தசை ஒரு சுமைக்குப் பழகிவிட்டால் அதே சுமை அதனை மேலும் வளர்க்காது என்பதால், எடையையோ, எத்தனை முறை தூக்குவது என்ற எண்ணிக்கையையோ, பயிற்சியின் கடினத்தையோ கூட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தச் சுமை பளபளப்பான இயந்திரத்திலிருந்து வருகிறதா, வீட்டு மூலையில் கிடக்கும் இரும்பிலிருந்து வருகிறதா என்பது தசைக்கு ஒரு பொருட்டல்ல. படுத்தபடி எடையைத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸையும், முதுகின் குறுக்கே ரப்பர்ப் பட்டையை இழுத்துப் பிடித்துச் செய்யும் தண்டாலையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், தசைகளின் உழைப்பு இரண்டிலும் ஒத்த அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டபோது, ஐந்து வாரத்தில் இரு குழுவினரும் அடைந்த வலிமை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆயினும் உடலின் பெருந்தசைகளான தொடை, இடுப்பு, முதுகு ஆகியவை நாளடைவில் கேட்கும் கனத்த எடையைச் சிறு கருவிகளால் தர இயலாது. மிக அதிக எடையைத் தூக்கும் வலிமையே குறிக்கோளாக இருப்பவருக்கு, நல்ல கூடமோ அதற்கு ஈடான கருவித் தொகுப்போ தவிர்க்க முடியாததாகிவிடுகிறது.

அடுத்தது செலவு. ஜிம் கட்டணத்தை மாதக் கணக்கில் பார்ப்பதே வழக்கம் என்றாலும், சென்ற நாட்களால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். ஆண்டுக் கட்டணம் 15,000 ரூபாய் என்று கொண்டால், 150 நாள் செல்பவருக்கு ஒரு நாளின் விலை 100 ரூபாய்; 50 நாள் மட்டும் செல்பவருக்கோ அது 300 ரூபாய். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மென்டியர் என்ற பொருளியலறிஞர்கள் அமெரிக்காவின் மூன்று ஜிம்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை இதனை எண்களால் நிறுவியது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்திற்கு 4.3 முறை மட்டுமே சென்றதால், ஒவ்வொரு வருகைக்கும் 17 டாலருக்கு மேல் செலவிட்டிருந்தனர். பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். சேரும் நாளில் மனிதர்கள் தங்கள் எதிர்கால ஊக்கத்தை மிகையாக மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டின் பேரிலேயே பணம் கட்டுகிறார்கள் என்பது இதன் சாரம்.

இதே பிழை வீட்டு ஜிம்மில் இன்னும் பெரிதாகிறது. 30,000 ரூபாய்க்கு வாங்கிய கருவிகளை ஐந்தாண்டு பயன்படுத்தி, பின்னர் 10,000 ரூபாய்க்கு விற்க முடிந்தால், ஆண்டுக்கு ஆன செலவு 4,000 ரூபாய்தான். வீட்டில் மூன்று பேர் பயன்படுத்தினால் தலைக்கு அது இன்னும் குறையும், ஜிம்மிலோ ஆளுக்கொரு கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அதே கருவிகளை ஆறு மாதத்தில் கைவிட்டு அதே 10,000 ரூபாய்க்கு விற்பவருக்கு, அந்த ஆறு மாதத்திற்கே 20,000 ரூபாய் போய்விடும். இவர் மூன்று மாதக் கட்டணம் கட்டி ஜிம்மில் சேர்ந்து விட்டுவிட்டிருந்தால் இழப்பு மிகச் சிறிதாகவே இருந்திருக்கும். பாதியில் நிறுத்துபவருக்கு ஜிம்மும், தொடர்ந்து செய்பவருக்கு வீடும் மலிவு என்பதே கணக்கு சொல்லும் முடிவு. பழக்கம் இன்னும் ஏற்படாத தொடக்கக் காலத்தில்தான் பலர் ட்ரெட்மில் வாங்குகிறார்கள் என்பதும், அது சில மாதங்களில் துணி உலர்த்தும் கொடியாகிவிடுகிறது என்பதும் இந்த முடிவுக்கு நேர்மாறான நடைமுறை.

வீட்டைத் தேர்ந்தெடுப்பவர் பணத்துடன் கட்டடத்தையும் கணக்கிட வேண்டும். இந்தியத் தர விதிகளின்படி குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ எடையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. சில டம்பெல்களுக்கும் ஒரு பெஞ்சுக்கும் இது போதுமானது என்றாலும், இரும்புத் தட்டுகளை ஒரே மூலையில் குவிப்பதும், எடையைத் தரையில் ஓங்கிப் போடுவதும் தளத்துக்கும் கீழ்வீட்டாருக்கும் கேடு. தடித்த ரப்பர் விரிப்பு ஒலியையும் அதிர்வையும் ஓரளவு குறைக்கும். போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் பார்பெல் கம்பியின் நீளம் 2.2 மீட்டர் என்பதால், தட்டு மாட்டவும் கழற்றவும் இருபுறமும் இடம் விட்டால் சிறிய படுக்கையறை நிரம்பிவிடும். தலைக்கு மேல் எடை தூக்கும் இடத்தில் மின்விசிறி இருக்கக் கூடாது. கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால், துடைத்து எண்ணெய் பூசும் வேலையும் சேர்ந்துகொள்ளும். குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2021இல் ஒரு குழந்தை ட்ரெட்மில்லில் சிக்கி இறந்ததையடுத்து, உடற்பயிற்சிக் கருவி நிறுவனமான பெலோட்டன் அமெரிக்காவில் தனது ட்ரெட் பிளஸ் என்ற அந்த வகை ட்ரெட்மில்களைத் திரும்பப் பெற நேர்ந்தது.

கருவியையும் இடத்தையும் விலைக்கு வாங்கிவிடலாம். மேற்பார்வையையும் துணையையும் அவ்வளவு எளிதாக வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. 12 வாரம் ஒரே பயிற்சித் திட்டத்தைப் பின்பற்றியவர்களில், பயிற்றுநரின் நேரடிப் பார்வையில் செய்தவர்கள் தனியே செய்தவர்களைவிடக் கூடுதல் வலிமை பெற்றதை 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 1920களில் ஜெர்மானிய உளவியலாளர் ஓட்டோ கோலர், படகோட்டும் சங்க உறுப்பினர்களை எடை தூக்கச் செய்து சோதித்தபோது, வலிமை குறைந்தவர்கள் தம்மைவிட ஓரளவு வலிமை மிக்கவருடன் சேர்ந்து செய்கையில் தனியே செய்வதைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்தனர். இது கோலர் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. பாதுகாப்பும் இதில் அடங்கும். பெஞ்ச் பிரஸ் செய்கையில் கை சோர்ந்து பார்பெல் கழுத்தின் மீது இறங்கினால் தூக்கிவிட அருகில் ஒருவர் வேண்டும். அப்படி நிற்பவரை ஸ்பாட்டர் என்பர். தனியே பயில்பவர் பார்பெல்லைத் தவிர்த்து டம்பெல்களைப் பயன்படுத்துவதோ, தவறி விழும் கம்பியைத் தாங்கும் குறுக்குத் தண்டுகள் உள்ள சட்டகத்திற்குள் செய்வதோ நல்லது.

எனினும் பயிற்றுநரும் நண்பர்களும் கருவிகளும் இருந்தும் போக முடியாத ஜிம்மால் பயனில்லை. தி லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024இல் வெளியான மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் 42 விழுக்காடாக இருக்கும் இந்த அளவு பெண்களில் 57 விழுக்காடாக உள்ளது. வீட்டு வேலையும் அலுவலகமும் ஒருங்கே சுமப்பவருக்கு, உடை மாற்றிக்கொண்டு போய்த் திரும்பும் ஒரு மணி நேரமே பெருந்தடை. கூட்டத்தின் பார்வையும் ஆண்கள் நிறைந்த சூழலும் வேறு சிலருக்குத் தடை. இத்தகையோருக்கு இருபது நிமிடத்தில் முடியும் வீட்டுப் பயிற்சியே நிலைக்கக்கூடியது. வீட்டில் தொடங்கினால் தொலைபேசியும் அழைப்பு மணியும் குறுக்கிட, பாதியில் எழுந்துவிடும் இயல்புடையவருக்கோ, அந்த ஒரு மணி நேரத்தை வேலியிட்டுக் காக்கும் இடமாக ஜிம் உதவுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே செலவு குறைந்த வழிகளும் உள்ளன. மாநகராட்சிப் பூங்காக்களின் திறந்தவெளிக் கருவிகள், உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் கூடங்கள் ஆகியவற்றோடு, இந்த மண்ணில் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வரும், கருவியே தேவைப்படாத தண்டாலும் உட்கார்ந்து எழும் பஸ்கியும் இவற்றுள் அடங்கும். ஜிம்முக்கு வாரம் இரண்டு நாள் சென்று கனத்த எடைகளைப் பயின்று, மற்ற நாட்களில் வீட்டில் எளிய பயிற்சிகளைச் செய்வதும் பலருக்கு ஏற்றதாகும்.

ஆகவே, வாங்குவதும் ஆண்டுச் சந்தா கட்டுவதும் பழக்கத்தின் தொடக்கமாக அல்லாமல் அதன் விளைவாக அமைய வேண்டும். புதியவர் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ மிக அருகில் உள்ள கூடத்தில் ஒரு மாதமோ மூன்று மாதமோ மட்டும் சேர்ந்து, சரியான முறையைக் கற்றுக்கொண்டு, சென்ற நாட்களை நாட்காட்டியில் குறித்து வரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், கட்டணச் சீட்டில் அது சரியாகக் கணக்கிடப்பட்டுள்ளதா என்பதையும், பாதியில் விலகினால் பணம் திரும்புமா என்பதையும் சேரும்போதே எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்திற்குப் பின்னும் வாரம் மூன்று நாள் பயிற்சி தடைபடாமல் நடந்தால், ஆண்டுச் சந்தாவோ வீட்டு ஜிம்மோ எதை எடுத்தாலும் பணம் வீணாகாது. நடக்கவில்லை என்றால், ஒரு விரிப்பும் ரப்பர்ப் பட்டையும் ஒரு சோடி டம்பெல்லும் தவிர வேறெதையும் வாங்காமல் மறுபடி தொடங்குவதே அறிவுடைமை.